பத்தாம் நாள் பின்னேரம்

இந்த வருடத்துப் பஞ்சாங்கம் இன்று காலை தபாலில் வந்தது. ஊரிலிருந்து மாமி வழக்கம்போல நான்கு மூலைக்கும் மஞ்சள் பூசி, பழைய சீலைத் துண்டில் சுற்றி, கப்பல் தபாலில் போட்டிருக்கிறார். சித்திரைப் புத்தாண்டு கழிந்து மூன்று கிழமைக்குப் பிறகு சிட்னிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மனைவி கட்டை அவிழ்த்துக் குசினி மேசையில் வைத்துவிட்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விட்டார். மஞ்சளும் ஈரக் கடதாசியும் கலந்த மணம் வீடு முழுக்க நிற்கிறது. நான் அதைத் திறக்கவில்லை. ஆறு வருடமாகத் திறப்பதில்லை. ஏன் என்று மனைவிக்குத் தெரியும், உமக்குத் தெரியும். உம்மைப் போன ஐப்பசியில் அடக்கம் செய்துவிட்டார்கள்.

அதனால்தான் இந்தக் கடிதத்தை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன். நீர் ஊருக்குத் திரும்பிப் போய் உயிரோடு இருந்த காலத்தில் எழுதியிருக்க வேண்டியது இது. அப்போதெல்லாம் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் ஒரு வாழ்த்து மட்டை அனுப்பினேன். சுகம், மகன் வளர்கிறான், இங்கே சரியான வெயில் என்று மட்டையில் மிஞ்சிய இடத்தை நிரப்பினேன். நீரும் சுகம், இங்கே நல்ல மழை என்று பதில் போட்டீர். இரண்டு பேரும் வானிலை அறிக்கை வாசித்தே காலத்தைக் கடத்திவிட்டோம்.

முதன்முதலாக உம்மைக் கண்ட நாள் நினைவில் இருக்கிறதா? மனைவிக்கு இங்கே டாக்டர் வேலை கிடைத்து, அவர் கொழும்பில் சேவையை முடித்துக்கொண்டு வர நான்கு மாதம் பிந்தும் என்றபடியால் நான் தனியாக முதலில் வந்தேன். ஆடி மாதம் இங்கே பல்லைக் கிட்டவைக்கும் குளிர் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நீர் ஸ்ரேஷனில் நின்றீர். ஊரில் இரண்டு தெரு தள்ளி இருந்தும் ஒரு நாளும் பேசியிராத மனிதர். உம்முடைய கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டு, சேர்ட்டோடு என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தீர். அந்த நான்கு மாதமும் உம்முடைய ஒற்றை அறையில் கட்டில் எனக்கு, நிலம் உமக்கு. நான் மறுத்தபோது, படுக்கிற இடத்துக்கெல்லாம் வழக்குப் பேசுகிறீரே காணும் என்று சிரித்தீர்.

வழக்கு என் தொழில். ஊரில் ஒரு புறக்கிறாசி வக்கீலிடம் பன்னிரண்டு வருடம் கிளார்க்காக இருந்தவன் நான். அங்கே சட்டப் புத்தக அலுமாரிக்குப் பக்கத்தில் ஆணியில் பஞ்சாங்கம் தொங்கும். அட்டமி நவமியில் எங்கள் கந்தோரிலிருந்து ஒரு வழக்குக் கடதாசியும் வெளியே போகாது. கட்சிக்காரரே அதைத்தான் விரும்புவார்கள். நாள் பார்த்ததில் நேரம் பிந்திவிட்டால் நீதிமன்றத்தின் பின்பக்கக் கதவைத் தட்டினால் போதும். தெரிந்த கிளார்க் என்று எட்டிப் பார்த்து, கடதாசியை வாங்கி, அன்றைய திகதியையே குத்திவிடுவார்கள். அதை யாரும் களவு என்று நினைத்ததில்லை. வேலை செய்யும் முறை என்றே நினைத்தோம்.

நீர் வேதக்காரர். என் பஞ்சாங்கத்தை உம்முடைய மாதா படத்துக்குப் பக்கத்தில் நீரே ஆணி அடித்து மாட்டிவிட்டீர். பரமட்டாவில் ஒரு சொலிசிற்றரின் கந்தோரில் வேலைக்கு நேர்முகம் வந்தபோது நான் ராகுகாலம் பார்த்துக்கொண்டிருக்க, நீர் என் சப்பாத்தைத் துடைத்தபடி, "என்ன காணும், வெள்ளைக்காரனுக்கும் ராகுகாலம் உண்டோ?" என்று கேட்டீர். வேலை கிடைத்தது. எனக்கு அது பஞ்சாங்கத்தால், உமக்கு அது சப்பாத்தால்.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. தொழிற்சாலையில் வேலை முடித்து வீட்டுக்கு வரும்போது ஸ்ரேஷன் படிக்கட்டில் குடித்திருந்த மூன்று பேர் உம்மை மறித்தார்கள். ஒருவன் உம்முடைய சேர்ட்டைப் பிடித்து இழுத்தான், நீர் உதறினீர், அவன் படியில் உருண்டு மண்டை உடைந்தது. நீர் ஓடவில்லை. குந்தியிருந்து அவன் தலையை உம்முடைய கோட்டால் அமத்திக்கொண்டு பொலிஸ் வரும்வரை காத்திருந்தீர். மற்ற இருவரும் நீர்தான் காரணமில்லாமல் பிடித்துத் தள்ளினீர் என்று சத்தியம் செய்தார்கள். படிக்கட்டின் கீழே பேப்பர் விற்கிற கிழவர் நடந்ததை முழுதாகக் கண்டவர். உமக்கு அரசாங்கம் வைத்த வக்கீல் அவரைக் கூப்பிடவே இல்லை. ஐந்து வருடம் மறியலில் சிறை இருக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அதை முடித்துக்கொண்டு வெளியே வந்தால் நாடுகடத்துவார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நான் என் சொலிசிற்றரிடம் போய் நின்றேன். நல்ல மனிதர். பேப்பர்க்காரக் கிழவரைத் தேடிப் பிடித்து வாக்குமூலம் வாங்கினார். இது மேன்முறையீட்டில் நிற்கும், மறு விசாரணை கிடைக்கும் என்று சொன்னார். தீர்ப்பிலிருந்து பத்து நாளுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தலைப் பதிவாளர் கந்தோரில் கொடுத்துவிட வேண்டும், மற்றதெல்லாம் ஆறுதலாகச் செய்யலாம் என்றார். அறிவித்தல் என்பது ஒற்றைக் கடதாசி. அதை உம்மிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைக்கிற வேலையை என்னிடம் தந்தார்.

ஏழாம் நாள் பின்னேரம் மறியலுக்கு வந்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நீர் தாடியோடு இருந்தீர். காவலர் ஒருவர் கடதாசியை உள்ளே வாங்கித் தந்தார். கையெழுத்து வைத்து முடிந்ததும், விரும்பினால் சிறைக் கந்தோர் மூலமாகவே இன்றைக்கு அனுப்பிவிடலாம் என்று அவரே சொன்னார். நான் வேண்டாம் என்றேன். என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன். கையெழுத்துக்குப் பக்கத்தில் திகதி போடவும் விடவில்லை, கொடுக்கிற நாளில் நானே போடுகிறேன் என்று சொன்னேன். அதுவும் ஊர்ப் பழக்கம். நீர் வலைக்குள்ளால் விரலை நீட்டி, "நீர் கடதாசியைப் பாரும் காணும், கடவுளை நான் பாக்கிறன்" என்றீர்.

எட்டாம் நாள் அட்டமி. ஒன்பதாம் நாள் நவமி. பத்தாம் நாள் பகல் பதினொன்று ஐம்பது வரை அந்த நவமி நின்று, பிறகு தசமி. தசமி நல்ல திதி. உம்முடைய வழக்குக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று நான் அந்த மூன்று நாளும் கடதாசியை என் மேசை லாச்சிக்குள் பூட்டி வைத்திருந்தேன். பகிடி என்னவென்றால், மற்றக் கட்சிக்காரரின் கடதாசிகளை நான் அந்த லாச்சியில் அரை நாள்கூட வைத்ததில்லை. அவற்றுக்கெல்லாம் நாளும் பார்க்கவில்லை, கோளும் பார்க்கவில்லை. உம்முடையது என்பதால்தான் பார்த்தேன்.

பத்தாம் நாள் மத்தியானச் சாப்பாடு முடிந்து ரயில் ஏறினேன். பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. பஞ்சாங்கத்தில் இருந்தது ஊர் நேரம். இங்கே நாலரை மணித்தியாலம் கூட்டவேண்டும். நவமி கழிவது சிட்னியில் பின்னேரம் நாலு இருபதுக்கு. பதிவாளர் கந்தோர் பூட்டுவது நாலு மணிக்கு.

இரண்டு மணிக்கெல்லாம் நான் அந்தக் கட்டிடத்துக்குள் இருந்தேன். இதை உமக்கு முன்பு ஒரு தரம் சொன்னேன், ஆனால் முழுதாகச் சொல்லவில்லை. கவுண்டருக்கு நேரே குந்தியிருக்க ஒரு நீள வாங்கு. அதில் உம்முடைய வழக்குக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் இருந்தேன். கவுண்டரில் ஒரு சனமும் இல்லை. அங்கே நின்ற மனிதருக்கு என்னைப் பழக்கம், கிழமைக்கு இரண்டு தரம் போகிற ஆள். ஏதாவது உதவி வேண்டுமா என்று அங்கிருந்தே கேட்டார். ஓர் ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று பொய் சொன்னேன். பதினைந்து அடி நடந்திருந்தால் போதும். நாலு மணிக்கு அவர் தட்டியை இறக்கினார். நாலு இருபத்தைந்துக்குப் பக்கக் கதவைத் தட்டினேன். கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தவரிடம் கடதாசியை நீட்டினேன். இன்றைய நாள் முடிந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று மரியாதையாகச் சொன்னார். இன்றைய திகதியைப் போட முடியாதா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அடுத்த நாள் காலை முதல் ஆளாகப் போய்க் கொடுத்தேன். அவர் அன்றைய திகதியைக் குத்தினார். ஒரு நாள் பிந்தியிருந்தது.

பிந்தினால் அதோடு எல்லாம் முடிந்தது என்றில்லை. காலம் நீட்டித் தரும்படி மூன்று நீதியரசரிடம் கேட்கலாம். ஆனால் ஏன் பிந்தியது என்று சத்தியக்கடதாசி வைக்க வேண்டும். சொலிசிற்றர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, கடதாசி எங்கள் கையில் இருந்து பிந்தியதா என்று கேட்டார். கோபப்பட்டுக் கேட்கவில்லை. எங்கள் பிழை என்றால் எங்கள் பிழை என்று எழுதிவிடலாம் என்றுகூடச் சொன்னார். நான் அவருடைய சுவரில் இருந்த பட்டச் சான்றிதழைப் பார்த்துக்கொண்டு, இல்லை, அவர் மேன்முறையீடு செய்வதா விடுவதா என்று தயங்கிக்கொண்டிருந்தார், பத்தாம் நாள் பின்னேரம்தான் மனம் வந்து கையெழுத்து வைத்தார் என்று சொன்னேன். திகதி இல்லாத கையெழுத்து எனக்கு வாய்ப்பாகப் போய்விட்டது.

அன்று பின்னேரம் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அப்போது அவருக்கு ஆறு மாதம். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உண்மையை எழுதுங்கோ. வேலை போனால் போகட்டும், என்ரை சம்பளம் இருக்குதானே" என்றார். ஆகையால் வயிற்றுப் பிழைப்புக்காகச் செய்தேன் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. எனக்குப் பயம் வேறு. மூன்று வெள்ளைக்கார நீதியரசருக்கு முன்னால், இந்தக் கிளார்க் நட்சத்திரம் பார்த்து நேரம் கழியும்வரை வாங்கில் குந்தியிருந்தான் என்று என் சொலிசிற்றரே எழுந்து வாசிப்பதை நினைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தேன். நிறத்துக்காகவும் உச்சரிப்புக்காகவும் ஏற்கனவே எங்களைக் கீழே பார்க்கிற இடத்தில் இதுவும் வேண்டுமா என்று எனக்கு நானே பெரிய நியாயமெல்லாம் சொன்னேன். இனத்தின் மானத்தைக் காக்கிறவன்போல நினைத்துக்கொண்டேன். நான் காத்தது என்னுடைய கழுத்து ரையையும் சப்பாத்தையும்தான்.

சத்தியக்கடதாசி உம்முடைய வாயால் வரவேண்டியது. நானே தட்டெழுதிக் கொண்டு வந்தேன். நீர் இரண்டு தரம் வாசித்தீர்.

"இது நான் சொன்னதோ?"

அப்போது சொன்னேன். அட்டமி, நவமி, நாலரை மணித்தியாலம் எல்லாம். வாங்கில் இருந்ததை மட்டும் சுருக்கிவிட்டேன், போய்ச் சேரப் பிந்திவிட்டது என்பதுபோல் சொன்னேன். கோபிப்பீர் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் வேதக்காரன் காணும்," என்றீர். "என்ரை வழக்குக்கு உம்மடை அட்டமியோ?"

பஞ்சாங்கத்தை எழுதினால்தான் என்ன என்று நீர் கேட்டீர். அவர்கள் விளங்கிக்கொள்ள மாட்டார்கள், சிரிப்பார்கள், ஆனால் ஒரு மனிதன் மனம் தடுமாறினான் என்பது எந்த நீதியரசருக்கும் விளங்கும், அதுதான் உமக்குப் பாதுகாப்பு என்று சொன்னேன். சட்டம் தெரிந்தவன் குரலில் சொன்னேன். நீர் பேனையைக் கேட்டீர். "உமக்குப் பிள்ளை பிறக்கப் போகுது. நீர் தெருவிலை நிண்டால் எனக்கு என்ன வரப்போகுது?" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தீர். இந்த முறை திகதியும் போட்டீர்.

இனிச் சொல்வதை நான் உமக்குச் சொன்னதே இல்லை. அதற்கு ஒரு மாதம் முன்பு இதே மாதிரி ஒரு விண்ணப்பத்தை நான் தட்டெழுதியிருந்தேன். வேறொரு கைதி. அவருடைய அறிவித்தலை வேறொரு கந்தோர்க் கிளார்க் நாலு நாள் கோப்புக்குள் மறந்துவிட்டிருந்தார். நீதியரசர்கள் ஒரு வரியில் காலம் நீட்டிக் கொடுத்தார்கள். கிளார்க்கின் பிழைக்குக் கைதியைத் தண்டிக்க மாட்டோம் என்பது அந்த வரி. அதன் பிரதியைக் கோப்பில் போட்டவனும் நான்தான். ஆகவே எது உம்மைக் காப்பாற்றும், எது உம்மை விழுத்தும் என்று வலைக்கு இந்தப் பக்கம் இருந்தபோது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் உம்மிடம் பேனையை நீட்டினேன்.

விசாரணைக்கு உம்மைக் கொண்டுவரவில்லை. நான் சொலிசிற்றருக்குப் பின்னால் இருந்தேன். பேப்பர்க்காரக் கிழவர் யாரும் கூப்பிடாமலே வந்து, இரவல் ரை கட்டிக்கொண்டு பின் வாங்கில் இருந்தார். மேன்முறையீட்டுக்கு உரிமை இருப்பதை அறிந்தும், அதை வேண்டுமென்றே பயன்படுத்தாமல் காலத்தைக் கடத்திவிட்டு, பிறகு மனம் மாறி வருகிறவருக்கு இந்த நீதிமன்றம் கதவு திறக்க வேண்டியதில்லை என்று நடுவில் இருந்த நீதியரசர் சொன்னார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. படிக்கட்டில் என்ன நடந்தது என்பதை அவர்கள் கேட்கவே இல்லை, கேட்க வேண்டிய இடத்துக்கு வழக்குப் போகவே இல்லை. வெளியே வந்ததும் கிழவர் என் கையைப் பிடித்து, தன்னை எப்போது கூப்பிடுவார்கள் என்று கேட்டார். முடிந்துவிட்டது என்று சொன்னேன். தான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே என்றார்.

மகன் பிறந்தபோது நீர் உள்ளே இருந்தீர். முதல் வருடம் மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வந்தேன், பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வேலை கூடிவிட்டது என்று எழுதினேன். நீர் ஒரு நாளும் அந்தக் கதையை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும் என்று உம்மீதே கோபப்பட்டிருக்கிறேன். அதையும் சொல்லிவிட வேண்டும். நல்ல நடத்தைக்காக முன்னதாக விட்டார்கள், மறியல் வாசலிலிருந்தே விமான நிலையத்துக்கு ஏற்றினார்கள். எந்த நாள், எத்தனை மணி என்று எனக்குத் தெரியும். அன்று எனக்கு லீவும் இருந்தது. வீட்டில் இருந்து புல் வெட்டினேன்.

நீர் கண்மூடிய பிறகு, மார்கழியில், உம்முடைய தங்கை எழுதினார். உமக்கு நினைவு மலர் அடிக்கிறார்களாம். ஊரில் சிலர் இப்போதும் உம்மை மறியலுக்குப் போனவர் என்றுதான் சொல்கிறார்களாம். நீங்கள் சட்டம் தெரிந்தவர், கூட இருந்தவர், அந்த வழக்கில் நடந்ததை ஒரு பக்கம் எழுதித் தாருங்கள், சனம் நம்பும் என்று கேட்டிருந்தார். மூன்று கிழமை யோசித்தேன். பிறகு ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். உம்முடைய நல்ல குணங்கள், கோட்டைக் கழற்றித் தந்த கதை, பேப்பர்க்காரக் கிழவர் எல்லாம் எழுதினேன். மேன்முறையீடு பற்றி வந்த இடத்தில், சட்ட நடைமுறையில் ஏற்பட்ட ஒரு தாமதம் காரணமாக அது ஏற்றுக்கொள்ளப்படவில்லை என்று எழுதினேன். யாரால் ஏற்பட்ட தாமதம் என்று எழுதவில்லை. நல்ல கடதாசியில், நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

போன கிழமை மலர் வந்தது, உள்ளே தங்கையின் சின்னக் கடிதம்.

"அண்ணா வந்த கிழமையே எங்களுக்கு எல்லாம் சொல்லிவிட்டார். உங்களை ஒரு சொல் குறை சொல்லவில்லை. ஒருநாள் நீங்களே எழுதுவீர்கள், அதுவரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கினார். அதனால்தான் உங்களிடம் கேட்டோம். நீங்கள் அனுப்பியதை அச்சுக்குக் கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு என்று ஒதுக்கிய பக்கத்தை, நீங்கள் எழுதுவதற்காக, அப்படியே விட்டிருக்கிறோம்."

மலரைப் புரட்டினேன். உம்முடைய படம், பங்குத்தந்தையின் செய்தி, தொழிற்சாலை நண்பர் ஒருவரின் நாலு வரி. அதன் பிறகு வெறும் பக்கம். மேலே ஒன்றுமில்லை, அடியில் என் பெயரும் சிட்னி என்ற ஊரும் மட்டும் அச்சில் இருக்கிறது. ஊரில் எல்லோர் கையிலும் அந்தப் பக்கம் அப்படித்தான் இருக்கிறது. உம்முடைய மருமக்கள் கேட்டால் தங்கை என்ன சொல்வாரோ தெரியாது.

மலரைக் கந்தோர்ப் பைக்குள் வைத்துக்கொண்டு ரயிலில் போய் வருகிறேன். வெளியே எடுக்கிறேன், பேனையைத் திறக்கிறேன், உமக்கு இவ்வளவு எழுத முடிந்த எனக்கு அந்த ஒரு பக்கத்தில் முதல் வரி வரவில்லை. எந்தத் திகதிக்குள் எழுதி அனுப்ப வேண்டும் என்று உம்முடைய தங்கை குறிப்பிடவில்லை.